விசில் இல்லாத ரயில்

1587எஸ் என்பது ஒரு பொம்மை ரயில் செட்டின் பட்டியல் எண். அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1957இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 49 டாலர் 95 சென்ட். எஞ்சின் இளஞ்சிவப்பு. அதன் பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்துவரும் டெண்டரும் இளஞ்சிவப்பு. திறந்த சரக்குப் பெட்டி ஒன்று, அதுவும் இளஞ்சிவப்பு. மூடிய பெட்டிகளில் ஒன்று வெளிர் மஞ்சள், இன்னொன்று பச்சை கலந்த வெளிர் நீலம். கரி கொட்டும் பெட்டி வெளிர் ஊதா. கடைசியில் வரும் கார்டு பெட்டி வான நீலம். பழைய ரயில்களைச் சேகரிப்பவர்கள் இதை 'லேடி லயனல்' என்கிறார்கள், 'பெண்பிள்ளை ரயில்' என்றும் சொல்வதுண்டு.

அது விற்கவில்லை. தேங்கிப்போன எஞ்சின்களுக்குக் கடைக்காரர்கள் கறுப்புப் பெயிண்ட் அடித்துப் பையன்களுக்கு விற்றார்கள் என்று ஒரு கதை உலவுகிறது.  இன்றோ அட்டைப்பெட்டிகளோடு நல்ல நிலையில் கிடைக்கும் ஒரு முழு செட் ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோகிறது. வாங்குபவர்களில் பெரும்பாலோர் வயதான ஆண்கள்.

இந்தத் தோல்விக்குப் பொதுவாக இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, பெண்பிள்ளைகளுக்கு ரயில் பிடிக்காது என்பது. இரண்டாவது கொஞ்சம் பரிவானது: பெண்பிள்ளைகளுக்கு ரயில் பிடித்தது, அதனால்தான் அண்ணன் தம்பிகள் வைத்திருந்ததைப் போன்ற நிஜமான கறுப்பு ரயிலைக் கேட்டார்கள், பிங்க் ரயிலை மறுத்தார்கள் என்பது. பெண்ணியவாதிகள் இரண்டாவதைத்தான் எடுத்துச் சொல்வோம். நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த ரயிலைத் திருகாணி திருகாணியாகப் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு வந்தபோது, நாம் எல்லோரும் பெயிண்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டோமோ என்று தோன்றியது.

முதலில் கொஞ்சம் பின்கதை. லயனலை 1900இல் நியூயார்க்கில் தொடங்கியவர் ஜோஷ்வா லயனல் கோவன். அவருடைய முதல் மின்ரயில் விளையாட்டுப் பொருளே இல்லை. கடையின் கண்ணாடி ஜன்னலில் சரக்குகளைச் சுமந்தபடி சுற்றிவந்து, தெருவில் போகிறவர்களை நிறுத்துவதற்காகச் செய்யப்பட்ட விளம்பர வண்டி அது. சரக்கை விட்டுவிட்டு வண்டியையே மக்கள் விலைக்குக் கேட்டார்கள். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு காலம் அந்த நிறுவனத்தின் பட்டியல்களைப் புரட்டினால் திரும்பத் திரும்ப ஒரே காட்சி: அப்பாவும் மகனும் தண்டவாளத்தின் மேல் குனிந்திருக்கிறார்கள். பெண்பிள்ளை இருந்தால் ஓரத்தில் நின்று பார்க்கிறாள். ரயில் என்ற பேரில் விற்கப்பட்டது அப்பா மகன் உறவு. அதில் மகள் பார்வையாளர், அம்மா பணம் எடுத்துக் கொடுப்பவர்.

பெண்பிள்ளைகளுக்கென்று லயனல் முன்னரும் ஒன்று செய்து பார்த்தது. 1930இல் உண்மையாகவே சூடாகும் ஒரு சின்ன மின் அடுப்பு. மந்தநிலைக் காலத்தில் அந்த விலைக்கு அதை வாங்க ஆளில்லை. ஆக, மின்சாரம் என்ற அதே சக்தி பையனுக்குத் தண்டவாளத்தில் ஓடியது, பெண்ணுக்கு அடுப்பில் சுட்டது. 1955இல் டாட்ஜ் நிறுவனம் 'லா ஃபாம்' என்று ரோஜா நிறக் கார் ஒன்றைப் பெண்களுக்காகவே விட்டது. அதே நிறத்தில் கைப்பை, உதட்டுச்சாயக் கூடு, குடை எல்லாம் காரோடு சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் அதையும் நிறுத்தினார்கள். இளஞ்சிவப்புக் குளியலறைகளும் வெளிர்நிறச் சமையலறைகளும் பரவிய காலம் அது. லயனலுக்கும் விற்பனை சரியத் தொடங்கியிருந்த நேரம். புதிய சந்தை வேண்டும், ஆனால் புதிய அச்சு வார்க்கச் செலவு செய்ய மனமில்லை. இருந்த அச்சில் வார்த்த எஞ்சினுக்குப் பெயிண்டை மாற்றினார்கள்.

இந்த இடத்தில் ஜெர்மனியின் மார்க்லினைச் சொல்லாமல் போக முடியாது. பொம்மை ரயில் உலகில் இன்றும் பெரிய பெயர் அது. கோப்பிங்கன் ஊரில் 1859இல் தொடங்கியபோது அந்தப் பட்டறை செய்தது பொம்மை வீடுகளுக்கான தகரச் சமையல் பாத்திரங்கள். நிறுவியவர் 1866இல் இறந்தார். அவருடைய மனைவி கரோலின் மார்க்லின் தொழிலை எடுத்து நடத்தினார். தென் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் ஊர் ஊராகப் போய் விற்றார், ஒரு பெண் அப்படித் தனியாகப் போய் வியாபாரம் பேசுவது கேள்விப்படாததாக இருந்த காலத்தில். பிறகு மகன்கள் கைக்குப் போன அந்த நிறுவனம்தான் 1891இல் லீப்சிக் சந்தையில் எட்டு வடிவத் தண்டவாளத்தில் சாவி ரயிலை ஓட்டிக்காட்டியது. தண்டவாள அகலங்களுக்கு ஒரு தர அளவையும் அறிமுகப்படுத்தியது. பெண்பிள்ளைகளின் செப்புச் சாமானை ஒரு விதவை விற்று நிறுத்திவைத்திருக்காவிட்டால் அந்த ரயில் இல்லை. ரயில் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1891இல் ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இனி பட்டறைக்கு வருகிறேன். என் தங்கை மின்பொறியியல் படித்தவள். திருமணமாகி நியூஜெர்சிக்குப் போனபோது அவளுக்குக் கிடைத்தது எச்-4 விசா. கணவர் வேலை செய்யலாம், மனைவி செய்யக்கூடாது. 2015இல் அந்த விதி சிலருக்குத் தளர்த்தப்படும்வரை அவளைப் போன்ற பட்டதாரிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வீட்டுக்குள் இருந்தார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது வாசலில் போட்டு விற்ற பழைய சாமான்களில் துருப்பிடித்த லயனல் 2037 எஞ்சின் ஒன்றையும், தண்டவாளத் துண்டுகள் நிறைந்த ஒரு பையையும் அவள் இருபது டாலருக்கு வாங்கிவந்தாள். கறுப்பு எஞ்சின்தான். அவளுடைய இரண்டாவது பிரசவத்துக்கு உதவ நான் போயிருந்த மூன்று மாதங்களில், நிலவறை மேசையில் அதைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வேலையை நான் கவனித்தவரை சொல்கிறேன். முதலில் டிரான்ஸ்ஃபார்மர். அறுபது வருடத்து வயரின் ரப்பர் உறை விரலால் தொட்டாலே உதிரும். அதை மாற்றாமல் மின்சாரம் கொடுக்கவே கூடாது. பிறகு மோட்டார். கார்பன் பிரஷ் இரண்டையும் எடுத்து, அவை உரசும் செம்புத் தகட்டின் அழுக்கைத் துடைத்து, துண்டுகளுக்கு இடையிலான இடுக்கில் பல்குத்தும் குச்சியை விட்டுச் சுரண்ட வேண்டும். அச்சுகளுக்கு ஒரே ஒரு சொட்டு எண்ணெய். "நிறைய ஊத்தினா நல்லதுன்னு நெனச்சு ஊத்திதான் முக்கால்வாசி எஞ்சின கெடுத்து வச்சிருக்காங்கக்கா" என்பாள். தண்டவாளத் துருவை எஃகு நாரால் தேய்க்கக்கூடாது. உதிரும் நார்களை எஞ்சினின் காந்தச் சக்கரங்கள் இழுத்துக்கொள்ளும், மோட்டார் குறுக்குச்சுற்றாகிவிடும். புகைக்குழலுக்குள் ஒரு சூடேறும் கம்பியும் சின்ன பிஸ்டனும். முன்னால், நடு, பின்னால், நடு என்று மாறிமாறித் தாவும் ஒரு சுருள் டப்பா. கைக்குழந்தை தூங்கும் நேரத்தில் இவ்வளவையும் செய்தாள்.

'லேடி லயனல்' எஞ்சினின் எண் 2037-500. அதாவது என் தங்கை மேசையில் கிடந்த அதே 2037. வார்ப்பு ஒன்றே, மோட்டார் ஒன்றே, காந்தப் பிடிப்பும் புகையும் முன்விளக்கும் ஒன்றே. 500 என்பது பெயிண்டுக்கான எண், அவ்வளவுதான். எனவே அந்தப் பெண்பிள்ளைகளுக்கு மட்டமான எஞ்சின் ஒன்றும் கொடுக்கப்படவில்லை. எனக்கு இது முதலில் நிறுவனத்துக்கு ஆதரவான சாட்சியமாகத்தான் பட்டது.

ஆனால் சுவடியியல் படித்தவளுக்கு எண்ணையும் எழுத்தையும் விடாமல் பார்க்கும் பழக்கம் உண்டு. லயனல் பட்டியலில் செட் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளுக்குப் பொருள் இருக்கிறது. 'எஸ்' என்றால் புகை. 'டபிள்யூ' என்றால் விசில். அதே 1957ஆம் ஆண்டின் பட்டியலில் 'டபிள்யூஎஸ்' என்று முடியும் செட்டுகள் உண்டு. புகையும் விசிலும் சேர்ந்தவை. பெண்பிள்ளை ரயில் 1587எஸ். டபிள்யூ இல்லை.

விசில் இருப்பது எஞ்சினில் இல்லை, டெண்டரில். கறுப்பு 2037 வந்த பல செட்டுகளில் அதன் பின்னால் 6026டபிள்யூ என்ற விசில் டெண்டர் இருக்கும். பிங்க் எஞ்சினுக்குப் பின்னால் பூட்டியது 1130டி. உள்ளே வெற்றிடம். நியாயமாகச் சொன்னால், விலை குறைந்த பையன் செட்டுகளிலும் இதே வெற்று டெண்டர் போனதுண்டு. ஆனால் ஐம்பது டாலர் 1957இல் குறைந்த விலை கிடையாது. பெயிண்டுக்கும் அட்டைப்பெட்டிக்கும் செலவழிக்க முடிந்தவர்கள் மிச்சம் பிடித்த இடம் விசில். ரயில் வைத்திருக்கும் ஒரு குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை முறை விசிலை அழுத்தும் என்பது என் அக்காள் தங்கை வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்தவரை எனக்குத் தெரியும். பக்கத்து அறைக்கு, மாடிக்கு, தெருவுக்கு 'இங்கே நான் இருக்கிறேன்' என்று சொல்ல ரயிலுக்கு இருக்கிற ஒரே வழி அது. மெல்லிய நிறத்தில், புகைந்துகொண்டு, சத்தம் போடாமல் சுற்றிவரும் ஒன்றைச் செய்து பெண்பிள்ளைக்குக் கொடுத்தவர்கள் இதையெல்லாம் யோசித்துச் செய்திருக்க மாட்டார்கள். யோசிக்காமல் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நிறத்தை வைத்து அவ்வளவு சண்டை போட்ட நாமும் விசிலைக் கேட்கவில்லை.

மீட்டெடுப்பவர்களின் அறம் என்று ஒன்று இருக்கிறது. பழைய பெயிண்ட் எவ்வளவு உரிந்திருந்தாலும் அது 'அசல்' என்றால் புதுப் பெயிண்டைவிட மதிப்பு அதிகம். திரும்பப் பெயிண்ட் அடித்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நல்ல வழக்கம்தான். பாடபேதங்களை மறைக்காமல் அடிக்குறிப்பில் தரும் பதிப்பாசிரியரின் நேர்மைக்கு ஒப்பானது. மலிவாகக் கிடைக்கும் கறுப்பு 2037ஐ வாங்கி, சுரண்டி, பிங்க் அடித்து அசல் என்று விற்கும் மோசடிக்காரர்கள் இருப்பதால் இந்தக் கண்டிப்பு தேவைப்படுகிறது. அறுபது ஆண்டுகளுக்கு முன் பிங்க்கை மறைக்கக் கறுப்பு அடித்தார்களாம். இப்போது கறுப்பை மறைக்க பிங்க் அடிக்கிறார்கள். பெண்பிள்ளை தொட மறுத்தது என்பதாலேயே அரிதாகி, அரிதானதாலேயே ஆண்களின் கண்ணாடி அலமாரிக்குள் போனது அந்த ரயில். 1990களின் தொடக்கத்தில் லயனலே அதை மறுபதிப்புச் செய்து விற்றது. இந்த முறை சேகரிப்பாளர்களுக்கு.

எனக்கு உறுத்துவது 'கெடுத்துவிட்டார்கள்' என்ற சொல். தன் விருப்பத்துக்கு நிறம் மாற்றியதை, பாகம் மாற்றியதைச் சேகரிப்பாளர் உலகில் இப்படித்தான் சொல்கிறார்கள். தொடாமல் வைத்திருந்தால் மதிப்பு, கை பட்டால் கெட்டது. பெட்டியிலிருந்தே எடுக்காதது என்றால் உச்ச விலை. இந்த மொழியை நாம் வேறு இடத்திலும் கேட்டிருக்கிறோம். அலமாரியில் இருப்பது எந்தக் குழந்தையும் விளையாடாத ரயில் என்பதும், அதற்காகவே அது பாராட்டப்படுகிறது என்பதும் அங்கே யாருக்கும் விநோதமாகத் தெரிவதில்லை.

தங்கையின் எஞ்சினில் காப்பாற்ற அசல் பெயிண்ட் மிச்சமில்லை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பெயிண்ட் நீக்கியைத் தடவி, வார்ப்பு வெளித்தெரியும்வரை பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தாள். பிரைமர் அடித்துக் காயவைத்தாள். என்ன நிறம் என்ற கேள்வி வந்தபோது கறுப்பு என்று நான் சொன்னேன். அவள் தன் கல்யாணப் புடவையை எடுத்துவந்து மேசையில் விரித்தாள். எஞ்சினுக்கு ராணிக் கலர். கரிப்பெட்டிக்கு அரக்கு. மூடிய பெட்டிகளுக்கு மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும்.

"இதுவும் பிங்க்தானேடி" என்றேன்.

"ராணிக் கலருக்கும் பிங்குக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு? புடவக் கடையில இப்படிச் சொல்லிப் பாரு" என்றாள்.

அவள் விளையாட்டாகச் சொன்னதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. 1957இன் பட்டியல் பெண்ணின் நிறம் என்று நினைத்தது எல்லாவற்றையும் பால் ஊற்றி வெளுக்கவைத்த நிறங்களை. மஞ்சள் என்றால் வெளிர் மஞ்சள், ஊதா என்றால் வெளிர் ஊதா. பெண்மை என்றால் எதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்வது. ஜவுளிக்கடையில் நம் பெண்கள் கேட்டு வாங்கும் நிறங்களின் பெயர்களில் இந்தக் குறைப்பு இல்லை. அரக்கு, கிளிப்பச்சை, மிளகாய்ச் சிவப்பு என்று அவை கண்ணில் அடிக்கின்றன. அந்த நிறங்கள் பெண்களை விடுதலை செய்துவிட்டன என்று நான் சொல்ல வரவில்லை. எந்த நிறம் யாருக்குப் பொருந்தும், விதவைக்கு என்ன, கறுத்த பெண்ணுக்கு என்ன என்று நம் கடைகளிலும் சட்டம் இருக்கிறது. ஆனால் பிங்க்கை எதிர்ப்பதாக நினைத்துக் கறுப்பைக் கேட்ட என் நாக்கில் அப்பா மகன் பட்டியல்தான் பேசியது என்பது தங்கையின் வாதம். பையன் ரயிலே நிஜ ரயில் என்று நானும் ஏற்கிறேனாம். இதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடில்லை. நிலக்கரியில் ஓடும் எஞ்சின் கறுப்பாக இருப்பதில் ஒரு உண்மை இருக்கிறது என்றுதான் நான் இப்போதும் நினைக்கிறேன்.

விசிலில் உடன்பாடு உண்டு. 6026டபிள்யூ டெண்டர் ஒன்றைத் தேடிப் பழைய ரயில்கள் விற்கும் ஒரு சந்தைக்கு மூவரும் போனோம். கேள்வியைத் தங்கை கேட்டாள், விற்பவர் பதிலை அவள் கணவரிடம் சொன்னார். அவருக்கு ஏசிக்கும் டிசிக்கும் வித்தியாசம் தெரியாது. "அவங்ககிட்டச் சொல்லுங்க" என்று இரண்டு தடவை ஆங்கிலத்தில் சொன்னார், பிறகு நகர்ந்து போய்க் காபி வாங்கினார். டெண்டரை அங்கேயே திறந்து உள்ளே பார்த்துத்தான் அவள் பேரம் பேசினாள். அதற்குள் ஒரு குட்டி மோட்டார், அதன் விசிறி காற்றை இரண்டு அறைகளுக்குள் தள்ளினால் இரட்டைச் சுருதியில் ஊதல். தண்டவாளத்தில் எப்போதும் ஓடுவது ஏசி மின்சாரம். டிரான்ஸ்ஃபார்மரின் விசில் கைப்பிடியைத் தள்ளும்போது அதோடு கொஞ்சம் டிசி கலக்கும். அதை உணர்ந்து டெண்டருக்குள் ஒரு தொடுப்பு மூடிக்கொள்ளும். இவ்வளவு எளிய ஏற்பாடு. பட்டியலில் டபிள்யூ சேர்க்க இதுதான் தேவைப்பட்டிருக்கும்.

லயனலின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. பாடகர் நீல் யங்கின் மகனுக்குப் பெருமூளை வாதம். கைகளால் கைப்பிடியைத் தள்ள முடியாது. அந்த மகன் ரயிலை ஓட்ட வேண்டும் என்பதற்காக யங் கட்டுப்பாட்டுக் கருவியையே மாற்றி வடிவமைத்தார். 1995இல் அந்த நிறுவனத்தை வாங்கிய குழுவிலும் சேர்ந்தார். இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. கூடவே ஒரு கணக்கும் மனதில் ஓடியது. கைப்பிடியைத் தள்ள முடியாத ஒரு பையன் வந்தபோது கைப்பிடி மாறியது. பட்டியலில் இடமில்லாத பெண்பிள்ளைகள் வந்தபோது பெயிண்ட் மாறியது. அந்த அப்பா மகனிடம் 'உனக்கு என்ன வேண்டும்' என்று பார்த்தார். 1957இல் அப்படி யாரும் பார்த்ததற்கான தடயம் அந்த ரயிலில் இல்லை. அதே நியூஜெர்சியில், ஹில்சைட் ஆலையின் மேசைகளில் மோட்டார்களைக் கோர்த்தவர்களில் பெண்கள் ஏராளம். ஆலையின் பழைய படங்களில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். விசிலின் விலை என்ன, அதைப் பூட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம் ராணிக் கலர் எஞ்சின் நிலவறையில் ஓடியது. டெண்டரின் அடிப்பக்கத்தில், பிற்காலத்தில் யாரும் இதை அசல் என்று சொல்லி விற்றுவிடக்கூடாது என்பதற்காக, நிறம் மாற்றியது, விசில் டெண்டர் சேர்த்தது, செய்தவர் பெயர், ஆண்டு எல்லாவற்றையும் தங்கை ஊசியால் கீறி வைத்தாள். என்னைப் படிக்கச் சொன்னாள். பெயர் தமிழில் இருந்தது. மேலே கைக்குழந்தை எழுந்து அழுதது, விசில் சத்தம்தான் காரணம். மூத்தவள் கைப்பிடியை விடவில்லை.